தகுதி என்பது யார் தருவது?

தமிழில் ‘தகுதி’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. ஒரு பணிக்கோ போட்டிக்கோ விதிக்கப்பட்ட அளவை ஒருவர் எட்டிவிட்டால் அவர் ‘தகுதி பெற்றார்’ என்கிறோம். ஒருவரது குணத்தையும் வாழ்வையும் பார்த்து அவரைத் ‘தகுதி உடையவர்’ என்றும் சொல்கிறோம். முதலாவது, பிறர் தரத் தாம் பெறுவது. ஒரு குறிப்பிட்ட நாளில் கிடைக்கும், அல்லது கிடைக்காமல் போகும். இரண்டாவதை யாரும் தருவதில்லை. அது உள்ளே வளர்வது. அன்றாடப் பேச்சில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்து விடுகின்றன. தேர்வில் தகுதி பெறாத மாணவன் தன்னைத் தகுதியற்றவன் என்று எண்ணிக் குமைவது இந்தக் கலப்பினால்தான். சொல் ஒன்றாக இருப்பதால் வந்த சிறு மயக்கம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எத்தனையோ இளம் வாழ்க்கைகள் இந்த மயக்கத்தில் சிக்கி வாடியிருக்கின்றன.

இந்தக் கலப்பை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் விளையாட்டுக் களம். அங்கே தகுதி என்பது எண்ணாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

2026 பிப்ரவரியில் இத்தாலியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், பனிச்சறுக்கு மலையேற்றம் என்ற விளையாட்டு முதன்முறையாக இடம் பெற்றது. பனிச்சறுக்கு என்றதும், இயந்திர ஊர்தியில் உச்சிக்குச் சென்று அங்கிருந்து சறுக்கி இறங்குவது என்றே பலரும் நினைப்பர். இந்த விளையாட்டு அப்படிப்பட்டதன்று. இறங்க வேண்டிய மலையை வீரர் தம் கால்களாலேயே ஏறிக் கடக்க வேண்டும். அதற்காகச் சறுக்குப் பலகைகளின் அடியில், ஒரே பக்கமாகப் படிந்த மயிருள்ள பட்டை ஒன்றை ஒட்டிக் கொள்வார்கள். அது முன்னே நகர விடும்; பின்னே வழுக்க விடாது. முற்காலத்தில் கடல்நாயின் தோல் இதற்குப் பயன்பட்டது. செங்குத்தான பகுதி வந்ததும் பலகைகளைக் கழற்றி முதுகில் மாட்டிக்கொண்டு ஓடி ஏற வேண்டும். பிறகு மீண்டும் அவற்றை அணிந்து ஏறி, உச்சியில் பட்டையை உரித்தெடுத்துவிட்டுக் கீழே பாய வேண்டும். குறுந்தூரப் போட்டியில் இவ்வளவும் ஏறக்குறைய மூன்றே நிமிடங்களில் முடிந்துவிடும். பட்டையை உரிக்கும்போது விரல்கள் ஒரு கணம் தடுமாறினால் பல ஆண்டு உழைப்பு கைநழுவிப் போகலாம். ஏறாதவனுக்கு இறக்கம் இல்லை என்ற இதன் அமைப்பு, பார்ப்பவர் மனத்தில் ஒரு மரியாதையை எழுப்புகிறது.

அந்த ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டுக்காக ஒதுக்கப்பட்டவை 36 இடங்கள்: ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 18. ஒரு நாடு ஆண்களில் இருவரையும் பெண்களில் இருவரையும் மட்டுமே அனுப்பலாம். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பிறந்து, உலகின் சிறந்தவர்களுள் ஒருவராக விளங்கியும், தன் நாட்டில் மூன்றாம் இடத்தில் இருப்பதால் வீட்டில் அமர்ந்து போட்டியைப் பார்க்க வேண்டியவர் இருப்பார். அவரைவிடக் குறைந்த வேகமுடைய ஒருவர், வேறொரு நாட்டின் முதல்வராக இருப்பதால் களத்தில் நிற்பார். இது அநீதியா? ‘மிகச் சிறந்தவர்களே போட்டியிட வேண்டும்’ என்பது ஒரு நியாயம். ‘உலகம் முழுவதும் போட்டியிட வேண்டும்’ என்பது இன்னொரு நியாயம். இரண்டையும் ஒருங்கே முழுமையாக நிறைவேற்ற முடியாது. ஆகவே எங்கோ ஒரு கோடு கிழிக்கிறார்கள். கோட்டை எங்கே கிழித்தாலும் அதற்கு ஓர் அங்குலம் வெளியே யாரோ ஒருவர் நின்று கொண்டிருப்பார்.

அந்த 36 பேரில் இந்தியர் ஒருவரும் இல்லை. இமயமலை நம்மிடம் இருந்தும் இந்த நிலைதான். 1964-இல் இன்ஸ்பிரக்கில் ஜெரமி புஜகோவ்ஸ்கி இந்தியாவின் சார்பில் பனிமலையில் இறங்கியதிலிருந்து இன்றுவரை, குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஒரு பதக்கமும் கிடைத்ததில்லை. ஆனால் அந்தக் கோட்டை எட்டுவதற்காகவே தம் இளமையைக் கொடுத்தவர்கள் சிலர் நம்மிடையே உண்டு. அவர்களுள் இருவரின் வாழ்க்கை இந்த விசாரணைக்குப் போதுமானது.

நகரும் கோடு

காஷ்மீரத்தின் குல்மார்க்கில் பனிச்சறுக்குக் கருவிகள் விற்கும் கடையை நடத்தியவரின் மகன் ஆரிஃப் முகமது கான். நான்கு வயதில் சறுக்கத் தொடங்கியவர். அவர் ஈடுபட்ட மலைச்சரிவுச் சறுக்குப் போட்டியில் புள்ளிகள் குறையக் குறைய உயர்வு. ஒரு போட்டியில் முதல்வரைவிட எவ்வளவு நேரம் பின்தங்கினார், அந்தப் போட்டியில் கலந்து கொண்டோர் எத்தகையோர் என்பவற்றை வைத்துப் புள்ளிகள் கணக்கிடப்படுகின்றன. 2018 ஒலிம்பிக்கிற்கு 140 புள்ளிகளுக்குள் இருக்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். கடைசித் தகுதிப் போட்டிகளுக்குச் செல்லப் பணம் திரட்ட முயன்றும் போதிய அளவு சேராமையால், கானுக்கு அந்த வாய்ப்பு நழுவியது. 2022 ஒலிம்பிக்கிற்கு எல்லை 160 ஆனது. 150 புள்ளிகள் உள்ள ஒருவரை எண்ணிப் பாருங்கள். 2018-இல் அவர் தகுதியற்றவர், 2022-இல் தகுதியுள்ளவர். அவரது கால்களிலோ மூச்சிலோ உறுதியிலோ எந்த மாற்றமும் இல்லை. மாறியது தாளில் எழுதிய ஓர் எண். அந்த எண்ணைக் கொண்டு ஒரு மனிதனின் மதிப்பை அளப்பது, பாலாற்றின் அகலத்தைப் பாலத்தின் நீளத்தைக் கொண்டு முடிவு செய்வது போன்றது.

2021 நவம்பரில் கான் தம் முதல் தகுதியைப் பெற்ற இடம் எது தெரியுமா? துபாய். பாலைவன நகரில் வணிக வளாகம் ஒன்றுக்குள் குளிரூட்டி அமைத்த செயற்கைப் பனிச்சரிவில்! இமயத்தின் மடியில் பிறந்தவருக்கு ஒலிம்பிக்கின் கதவு பாலைவனத்தில் திறந்தது. அடுத்த மாதம் மாண்டினீக்ரோவில் இரண்டாவது பிரிவிலும் தகுதி பெற்றார். ஒரே குளிர்கால ஒலிம்பிக்கிற்கு இரு பிரிவுகளில் தகுதி பெற்றவர் அவர். 2022 பெய்ஜிங்கில் இந்தியாவின் ஒரே பிரதிநிதி அவர். கடும் பனிப்பொழிவில் எண்பதுக்கும் மேற்பட்டோர் புறப்பட்டு, ஏறக்குறையப் பாதிப்பேர் முடிக்க முடியாமல் விலகிய ஒரு பிரிவில் 45-ஆம் இடத்தில் வந்தார். மற்றப் பிரிவில் முதல் ஓட்டத்திலேயே தவறி வெளியேறினார். 2026-க்கும் மீண்டும் தகுதி பெற்றார்.

இதைக் கேட்டவுடன் ‘45-ஆம் இடந்தானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் ஒரு நேர்மை இருக்கிறது. அதை ஏளனம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. வெல்ல வாய்ப்பே இல்லாத ஒன்றுக்காக ஒருவன் பல ஆண்டுகளையும் குடும்பத்தின் சேமிப்பையும் செலவிடுவது அறமா? அது பிடிவாதத்திற்குச் சூட்டிய அழகிய பெயர் அல்லவா? இந்த வினாவுக்குச் சமாதான வார்த்தைகள் விடையாகா.

கோடு வேண்டியதில்லை என்று சொல்லிவிட முடியுமா? அதுவும் முடியாது. 1988-இல் கல்கரியில், எடி எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் பனித்தாவல் போட்டியில் கடைசி இடத்தில் வந்தார். உலகமே அவரைக் கொண்டாடியது. அதன்பின் விதிகள் இறுக்கப்பட்டன. பலர் இதை மனமில்லாத செயல் என்றனர். ஆனால் 2010-இல் வான்கூவர் ஒலிம்பிக் தொடங்கும் அதே நாளில் நடந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். பனிக்குழாய்ப் பாதையில் சறுவண்டிப் பயிற்சி செய்து கொண்டிருந்த ஜார்ஜியா நாட்டின் நோடார் குமாரித்தாஷ்விலி என்ற 21 வயது இளைஞர், பாதையை விட்டு வீசப்பட்டுத் தூணில் மோதி உயிரிழந்தார். அப்பாதையின் அமைப்பைப் பற்றியும், அனுபவம் குறைந்தவர்களை அத்தகைய பாதையில் அனுமதிப்பது பற்றியும் அப்போது கடுமையான விவாதம் எழுந்தது. எல்லை விதிப்பதில் கருணையும் இருக்கக்கூடும். கோட்டை வெறுப்பதில் பயனில்லை. கோட்டிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று அறிவதே வேண்டுவது.

இருபது ஆண்டுகள்

அதே வான்கூவர் பாதையில், அந்த மரணத்திற்குப் பிறகு சறுக்கியவர்களுள் இந்தியாவின் சிவ கேசவனும் ஒருவர். தந்தை கேரளத்தைச் சேர்ந்தவர், தாய் இத்தாலியர், பிறந்தது மணாலிக்கு அருகில் உள்ள வசிஷ்டம் என்ற சிற்றூரில். அவர் தேர்ந்தெடுத்த லூஜ் என்னும் விளையாட்டில், சிறு வண்டியொன்றில் மல்லாந்து படுத்து, கால்கள் முன்னே நீள, மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பனிப்பாதையில் பாய வேண்டும். அதற்கான பாதை இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. கேசவன் வண்டியில் சக்கரங்களைப் பொருத்திக்கொண்டு, லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே இமயமலைச் சாலைகளில் பயிற்சி செய்தார். 1998-இல் ஜப்பானின் நகானோவில், 16 வயதில், முதல் ஒலிம்பிக். அதன்பின் 2002, 2006, 2010, 2014, 2018 என்று மொத்தம் ஆறு. ஒவ்வொரு முறையும் தகுதியைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். முந்தைய தகுதி அடுத்ததற்கு உதவாது. ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்றவர்தான். ஆயினும் ஒலிம்பிக்கில் அவர் அடைந்த மிக உயர்ந்த இடம் 2006-இல் டூரினில் பெற்ற 25. கடைசியாக 2018-இல் 34.

2014-இல் ரஷ்யாவின் சோச்சியில் நடந்ததை எண்ணினால் மனம் கனக்கிறது. இந்திய ஒலிம்பிக் சங்கம் அப்போது தடை செய்யப்பட்டிருந்தது. நிர்வாகிகளின் குற்றத்திற்கு வீரர்கள் தண்டனை பெற்றார்கள். கேசவன் நாட்டுக் கொடியின்றி, ஒலிம்பிக் கொடியின் கீழ் போட்டியிட்டார். அவரது போட்டி பிப்ரவரி 9-ஆம் நாள் முடிந்தது. 11-ஆம் நாள் தடை நீங்கியது. மற்ற இரு இந்தியர்களுக்கு மூவண்ணக் கொடி கிடைத்தது, கேசவனுக்கு இல்லை. இரண்டே நாள் வேறுபாடு. கொடி இல்லாததால் அவரது ஓட்டம் அரை நொடியாவது குறைந்துவிட்டதா? இல்லை. ஆனால் கொடிக்காகவும்தான் அவர் ஓடினார் என்பதையும் மறுக்க முடியாது. மனிதன் விரும்புவதும் மனிதன் செய்வதும் எவ்வளவு நெருங்கி, அதே வேளையில் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை அந்த இரண்டு நாட்கள் காட்டுகின்றன.

இங்கே பலரும் கீதையின் கர்மயோகத்தைத் துணைக்கு அழைப்பார்கள். ‘பலனை எண்ணாதே’ என்பதோடு நிறுத்தியும் விடுவார்கள். ஓர் ஓட்டக்காரரிடம், ‘நேரத்தை எண்ணாமல் ஓடு’ என்று சொன்னால் அவர் சிரிப்பார். நேரத்தை எண்ணாத ஓட்டம் போட்டியே ஆகாது. உடன் ஓடுபவர்களை அவமதிப்பதாகவே முடியும். இலக்கு செயலுக்கு வடிவம் தருகிறது. தகுதிக்கோடு இல்லையென்றால், விடியற்காலை நான்கு மணிக்கு உறைபனியில் எழுந்து நிற்க உடலுக்கு ஒரு காரணமும் இராது. கீதை நீக்கச் சொல்வது இலக்கை அன்று; பற்றை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஸ்டோயிக் தத்துவ மரபினரும் கண்டிருந்தனர். உரோமானிய அறிஞர் சிசரோ அவர்களது கொள்கையை விளக்குமிடத்தில் ஒரு வில்லாளியின் உவமையைத் தருகிறார். குறியைத் தாக்குவதற்காகத் தன்னால் இயன்ற அனைத்தையும் வில்லாளி செய்கிறான். ஆனால் அவனது நிறைவு, அனைத்தையும் செய்தான் என்பதில் இருக்கிறது. அம்பு விரலை விட்டுப் பிரிந்த பிறகு வீசும் காற்று அவனுடையதன்று.

இதற்கும் ஒரு தடை எழுப்பலாம். பற்றின்மை என்பது தோற்றவர்கள் தமக்குத் தாமே சொல்லிக் கொள்ளும் ஆறுதல், எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்ற நரியின் பேச்சு என்று சொல்வோர் உண்டு. கூர்மையான தடைதான். ஆனால் காலத்தை வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். நரியின் துறவு தாவித் தோற்ற பிறகு வந்தது. வைராக்கியம் தாவுவதற்கு முன்பே இருக்க வேண்டியது. தகுதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ‘நான் யார்’ என்ற கேள்வியின் விடை மாறப் போவதில்லை என்று போட்டிக்கு முந்தின இரவே அறிந்தவன், மறுநாள் அஞ்சாமல் முழு ஆற்றலோடு பாய்கிறான். தன் மதிப்பு முழுவதையும் அந்த மூன்று நிமிடங்களில் பணயம் வைத்தவனுக்கு விரல்கள் நடுங்குகின்றன. இந்த வகையில் பற்றின்மை செயலுக்குப் பகையன்று, செயலின் திறமைக்கே துணை.

பேத்தமங்களாவின் ஏரி

ஒலிம்பிக்கில் எல்லோரும் தேடுவது தங்கம். அந்தத் தங்கப் பதக்கத்தில் உண்மையான தங்கம் ஏறக்குறைய ஆறு கிராம்தான். மற்றதெல்லாம் பெரும்பாலும் வெள்ளி. ஆறு கிராம் தங்கத்தின் விலை என்ன என்பதை நன்கறிந்தவர்கள், கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்க் குடும்பத்தார். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற அவர்கள், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையே கொதிக்கும் ஆழத்தில் இறங்கினார்கள். மேலே கொண்டு வந்த ஒரு டன் பாறையை இடித்து அரைத்தால், பிற்காலத்தில் கிடைத்தது சில கிராம் தங்கம். மீதி குன்றுகளாகக் குவிந்தது. இன்றும் அங்கே நிற்கிறது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது.

தகுதிப் போட்டிகளையும் இப்படிப் பார்க்கத் தோன்றும். பல நூறு பேர் ஓடுகிறார்கள். பதினெட்டுப் பேர் எஞ்சுகிறார்கள். வெற்றி பெற்றவரின் புள்ளிகள்கூட, தோற்றவர்கள் எவ்வளவு வலிமையாக ஓடினார்கள் என்பதைப் பொறுத்தே அமைகின்றன. பின்தங்கியவர்கள் இல்லாவிட்டால் முந்தியவர் என்று எவரும் இல்லை. ஆனால் உவமை இங்கே முறிந்து விடுகிறது. பாறைக்கு ஆசையும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. எந்த மனிதனும் இன்னொருவரின் தங்கத்துக்காக அரைபட வேண்டிய பாறையல்லன். தகுதி பெறாதவரின் ஆண்டுகளுக்கு, தகுதி பெற்றவருக்கு உதவியது என்பதைக் கடந்து, தமக்கே உரிய பொருள் ஒன்று இருந்தாக வேண்டும்.

தங்கவயலுக்கு அருகிலேயே, பாலாற்றை ஒட்டிப் பேத்தமங்களா என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பெரிய ஏரியிலிருந்துதான் தங்கவயலுக்குத் தண்ணீர் சென்றது. அந்த ஏரிக்கரை உடைந்ததையும், 10-ஆம் நூற்றாண்டில் ஒருமுறையும் 12-ஆம் நூற்றாண்டில் ஒருமுறையும் அதைச் செப்பனிட்டதையும் பழைய கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. கரையைக் கட்டியவர்கள் தம் வயல்களை எண்ணித்தான் கட்டியிருப்பார்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் பூமிக்கடியில் வேலை செய்து வியர்த்து மேலே வரும் ஒரு கூட்டம் அந்த நீரைக் குடிக்கும் என்று அவர்கள் எப்படி அறிவார்கள்? அவர்கள் எண்ணிய பலனும் வந்தது. எண்ணாத பலனும் வந்தது. தங்கத்தை நிறுக்கும் தராசில் அந்தத் தண்ணீரை யாரும் நிறுத்ததில்லை. ஆயினும் தண்ணீர் இல்லாமல் ஒரு கிராம் தங்கமும் மேலே வந்திருக்காது.

வேதாந்தத்திலும் தகுதி பற்றிய ஆராய்ச்சி உண்டு. அதற்கு அதிகாரம் என்று பெயர். தகுதி உடையவன் அதிகாரி. பிரம்ம சூத்திரத்தின் முதற்சொல்லாகிய ‘அத’ என்பதற்கு உரை எழுதும் சங்கரர், ‘அதன் பிறகு’ என்று பொருள் கொண்டு, எதன் பிறகு என்று ஆராய்கிறார். நிலையானதையும் நிலையற்றதையும் பகுத்தறிதல், பற்றின்மை, மனவடக்கம் முதலிய ஆறு செல்வங்கள், விடுதலை வேட்கை ஆகிய நான்கும் அமைந்த பிறகு என்பது அவர் காணும் விடை. இதுவும் எளிதான கோடு அன்று. ஒலிம்பிக்கைவிடக் கடினமானது என்றே சொல்லலாம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. இங்கே இடங்கள் பதினெட்டு என்று எண்ணி வைக்கப்படவில்லை. ஒருவர் அதிகாரி ஆவதால் இன்னொருவரின் இடம் பறிபோவதில்லை. தகுதியை அறிவிக்கும் நடுவரும் இல்லை. அதற்கான முயற்சியே அந்தத் தகுதியைச் சிறிது சிறிதாக உருவாக்குகிறது. பாதியில் நின்றவனின் முயற்சியும் அழிவதில்லை என்று கீதை உறுதி அளிக்கிறது.

விளையாட்டு வீரரின் வாழ்வில் இந்த இரு தகுதிகளும் ஒரே உடலில், ஒரே பயிற்சியில் சேர்ந்தே வளர்கின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. புள்ளிகளுக்காக எழுந்த விடியற்காலைகள் புலனடக்கத்தையும் வளர்த்திருக்கும். சில வேளை வளர்க்காமலும் போகலாம். பதக்கம் பெற்றும் சிறுமையில் உழல்பவர்களையும், ஊக்கமருந்தால் கோட்டைத் தாண்டியவர்களையும் உலகம் பார்த்திருக்கிறது. ஆகவே தகுதி பெறுவது உள்ளத்தின் தகுதிக்குச் சான்றாகாது. பெறாதது அதற்கு எதிரான சான்றும் ஆகாது. தகுதி பெறாமல் திரும்பும் மகனையோ மகளையோ ஊர் எதிர்கொள்ளும் விதத்தில் இந்த உண்மை பெரும்பாலும் மறக்கப்படுகிறது. ‘என்ன ஆயிற்று?’ என்ற முதல் கேள்வியிலேயே தீர்ப்பு அடங்கியிருக்கிறது.

சோச்சியில் போட்டிக்கு முன்பு நடந்த பயிற்சி ஓட்டம் ஒன்றில் சிவ கேசவன் வண்டியிலிருந்து தவறி விழுந்தார். பனிப்பாதையில் வேகமாகச் சறுக்கிக் கொண்டிருக்கையில், வண்டியைக் கைவிடாமல் பற்றி இழுத்து, ஓடும் வண்டியின்மீது மறுபடியும் ஏறிப் படுத்துக் கொண்டார். அந்த ஓட்டம் பயிற்சிதான். அதன் நேரம் போட்டிக் கணக்கில் சேராது. கொடியும் இல்லை, பதக்கமும் இல்லை. விழுந்த இடத்திலேயே அவர் நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பாதையின் கடைசிவரை சென்றார்.